டிஸ்க் பிரேக் சைக்கிள்: நம்பி ஓட்டவும் பார்த்துப் பராமரிக்கவும்

ரிம்மைப் பிடிக்கும் பழைய வகை பிரேக்கில் ரப்பர் கட்டை தேய்வது கண்ணெதிரே தெரியும். டிஸ்க் பிரேக்கில் அப்படி இல்லை. டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தித் தேய்கிற பேட் என்னும் கட்டைகள் இரண்டும் காலிப்பர் என்னும் பெட்டிக்குள் மறைந்திருக்கின்றன. எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் வகையாக இருந்தால், பேட் தேயத் தேய உள்ளிருக்கும் பிஸ்டன் தானே முன்னால் நகர்ந்து இடைவெளியைச் சரிக்கட்டிவிடும். லீவரைப் பிடிக்கும் விரலுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இரும்போடு இரும்பு உரசும் சத்தம் கேட்ட பிறகுதான் பலர் முதன்முறையாகக் காலிப்பருக்குள் எட்டிப் பார்க்கிறார்கள். அதற்குள் பேட்டோடு டிஸ்க்கும் பாழாகியிருக்கும்.

அதனால், டிஸ்க் பிரேக் சைக்கிள் வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இரண்டே விஷயங்கள். கையை நம்பாமல் கண்ணால் பாருங்கள். பேட்டிலும் டிஸ்க்கிலும் எண்ணெய் படவிடாதீர்கள். மற்றதெல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைப்பவைதான்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

சக்கரத்தின் ஹப்போடு சேர்ந்து சுழலும் மெல்லிய எஃகுத் தகடுதான் டிஸ்க்; ரோட்டர் என்றும் சொல்வார்கள். 140, 160, 180, 203 மி.மீ. விட்டங்களில் பரவலாகக் கிடைக்கிறது. அதைக் கவ்வி நிற்கும் சிறு உலோகப் பெட்டி காலிப்பர். அதற்குள் டிஸ்க்கின் இரு பக்கமும் ஒவ்வொரு பேட்.

லீவரிலிருந்து காலிப்பருக்குப் போகும் குழாயின் முனையைப் பாருங்கள். காலிப்பரில் ஒரு சிறு கை நீட்டிக்கொண்டிருந்து, அதில் முறுக்குக் கம்பி ஒன்று இறுக்கப்பட்டிருந்தால் அது மெக்கானிக்கல், அதாவது கேபிள் வகை. கம்பியே வெளியே தெரியாமல் குழாய் நேராகக் காலிப்பருக்குள் போய் முடிந்தால் ஹைட்ராலிக். உள்ளே இருப்பது எண்ணெய். கேபிளும் எண்ணெயும் கலந்த வகைகளும் உண்டு. பராமரிப்பு இரண்டுக்கும் வேறு என்பதால் இதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று: எந்த லீவர் எந்தச் சக்கரத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். வலது கை முன் பிரேக்கா, இடது கை முன் பிரேக்கா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சக்கரத்தைத் தூக்கிச் சுழற்றி, ஒவ்வொரு லீவராகப் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரவல் சைக்கிளில் ஏறும்போதும் இதைச் செய்யாமல் மிதிக்கக் கூடாது.

கை வைப்பதற்கு முன்

சுழலும் டிஸ்க்கின் துளைகளும் விளிம்பும் விரலை வெட்டக்கூடியவை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சக்கரத்தைச் சுழற்றும்போது குழந்தைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது. நின்றுபோன டிஸ்க்கும் ஆபத்தில்லாதது அல்ல. ஓர் இறக்கத்தில் இறங்கி வந்தவுடன் அதைத் தொட்டால் தோல் வெந்துவிடும். ஆறிய பிறகும் வெறும் விரலால் தொட வேண்டாம். தோலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே பிரேக்கைக் கெடுக்கப் போதும்.

சக்கரம் கழற்றியிருக்கும்போது லீவரைப் பிடிக்கவே கூடாது. நடுவில் டிஸ்க் இல்லாததால் ஹைட்ராலிக் பிரேக்கின் பிஸ்டன்கள் முன்னால் வந்து, பேட் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு சக்கரம் உள்ளே நுழையாது. சைக்கிளோடு வரும் சின்னப் பிளாஸ்டிக் தகட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சக்கரத்தைக் கழற்றி வண்டியில் ஏற்றும்போது பேட்டுகளுக்கு நடுவே செருகத்தான் அது. தொலைந்துபோனால், எண்ணெய் படாத கெட்டி அட்டையை மடித்துச் செருகலாம்.

சக்கரம் இறுக்கமாக நிற்கிறதா?

டிஸ்க் பிரேக் சைக்கிளில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. காலிப்பர் ஃபோர்க்கின் பின்பக்கம் அமைந்திருப்பதால், முன் பிரேக்கைப் பிடிக்கும்போது எழும் விசை அச்சைக் கீழே தள்ளி, ஃபோர்க்கின் பள்ளத்திலிருந்து வெளியேற்றப் பார்க்கும். ஃபோர்க்கின் துளைக்குள் நுழைந்து திருகி நிற்கும் த்ரூ ஆக்சில் இருந்தால் அச்சு கழன்று வெளியேற வழியில்லை. லீவரை மடக்கிப் பூட்டும் குவிக் ரிலீஸ் இருந்தால் ஒவ்வொரு முறையும் சரிபாருங்கள். மூடும்போது பாதி வழியிலேயே எதிர்ப்பு தெரிய வேண்டும். மூடி முடித்தபின் உள்ளங்கையில் அதன் தடம் பதியும் அளவுக்கு அழுத்தம் தேவைப்பட்டிருந்தால் சரி. சுலபமாக மூடிக்கொண்டால் எதிர்ப்பக்க நட்டை இன்னும் சிறிது திருகிவிட்டு மறுபடி மூடுங்கள்.

2015-இல் டிரெக் நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் சுமார் 9 லட்சம் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. முன் சக்கரத்தின் குவிக் ரிலீஸ் லீவர் மிக அதிகமாகத் திறந்து டிஸ்க்கில் சிக்கிக்கொண்டதுதான் காரணம். ஓடும்போது சிக்கினால் சக்கரம் நின்றுவிடும் அல்லது கழன்றுவிடும். அப்போது சொல்லப்பட்ட சோதனை எளியது. லீவரை முழுவதும் திறந்து டிஸ்க்கை நோக்கிக் கொண்டுபோங்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு பென்சில் நுழைய வேண்டும், அதாவது 6 மி.மீ. இடைவெளி. நுழையவில்லை என்றால் அந்தக் குவிக் ரிலீஸை மாற்றாமல் ஓட்டக் கூடாது. பழைய சைக்கிள் வாங்கியவர்கள் எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் இதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

புதிய பேட்டைப் பழக்குதல்

புதுச் சைக்கிளோ புதுப் பேட்டோ, முதல் நாளில் பிரேக் பிடிக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டின் பொருள் மெல்லிய படலமாக டிஸ்க்கின் மேல் படிந்த பிறகுதான் முழுப் பலம் வரும். அந்தப் படலத்தை நாம்தான் படிய வைக்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராக நெரிசலான சாலைக்குப் போவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

வண்டிகள் வராத சமதளமான இடம் ஒன்றைப் பாருங்கள். மணிக்கு 20 கி.மீ. வேகம் வரும்வரை மிதித்து, ஒரு பிரேக்கை மட்டும் சீராகப் பிடித்து, நடை வேகத்துக்குக் கொண்டுவாருங்கள். முழுதாக நிறுத்த வேண்டாம். சக்கரம் இறுகி வழுக்கவும் விடக் கூடாது. நடை வேகம் வந்ததும் லீவரை விட்டுவிட்டு மறுபடி மிதியுங்கள். இப்படி இருபது முறை. பிறகு கொஞ்சம் கூடுதல் வேகத்தில் பத்து முறை. அதன்பின் மற்ற பிரேக்குக்கும் இதே போல. தொடக்கத்தில் வழுக்குவது போலிருந்த பிரேக், பத்துப் பன்னிரண்டாவது முறையில் கவ்வத் தொடங்குவதை விரலிலேயே உணரலாம்.

சூடான பேட்டோடு முழுதாக நிறுத்தி அப்படியே பிடித்துக்கொண்டு நின்றால், அந்த ஒரு இடத்தில் மட்டும் பேட்டின் பொருள் திட்டாக ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் திட்டு வரும்போது பிரேக் அதிரும். முழுதாக நிறுத்தாதீர்கள் என்று சொல்வது இதனால்தான்.

பிடிக்கும் முறை

ஓரிரு விரல்களால் பிடித்தாலே போதும் என்கிற அளவுக்கு டிஸ்க் பிரேக் பலமானது. ஆள்காட்டி விரலை, தேவைப்பட்டால் நடுவிரலையும் லீவரில் வைத்து, மற்ற விரல்களால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ரிம் பிரேக் ஓட்டிப் பழகியவர்கள் நான்கு விரலாலும் அள்ளிப் பிடித்து விழுவது நடக்கிறது.

பிரேக் பிடித்தவுடன் உடல் எடை முன்னால் சாய்கிறது. முன் சக்கரம் தரையை அழுத்திப் பிடிக்கிறது; பின் சக்கரம் இலேசாகிறது. அதனால் வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குடையது. முன் பிரேக்குக்குப் பயந்து பின் பிரேக்கை மட்டும் பிடிப்பவர்களுக்கு நிறுத்த நீண்ட தூரம் வேண்டியிருக்கும். பின் சக்கரமும் எளிதில் வழுக்கும். இரண்டையும் சேர்த்துப் பிடியுங்கள். முன் லீவரை வெடுக்கென்று இழுக்காமல் படிப்படியாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். அதே நேரம் இடுப்பைச் சீட்டில் பின்னால் நகர்த்தி, கைகளை முன்னோக்கி ஊன்றிக்கொள்ளுங்கள். பின் சக்கரம் தூக்குவதாகத் தோன்றினால் முன் லீவரைச் சற்றுத் தளர்த்துங்கள். வளைவில் திரும்பும்போது பிடிப்பதைவிட, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிடுவது மேல்.

மழையில் டிஸ்க் பிரேக் ரிம் பிரேக்கைவிட வெகுவாக நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஈரச் சாலையில் டயரின் பிடிமானம் குறைந்துதான் இருக்கும். பிரேக் எவ்வளவு பலமாக இருந்தாலும் டயர் வழுக்கினால் பயனில்லை. முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இடையே தூரத்தைக் கூட்டுவது தவிர வேறு வழியில்லை.

நீண்ட இறக்கத்தில் லீவரை இலேசாக அழுத்திப் பிடித்தபடியே இறங்குவது புதியவர்களின் வழக்கம். அதைக் கட்டாயம் மாற்றிக்கொள்ளுங்கள். ஓயாமல் உரசும் பேட்டுக்கு ஆற நேரமே கிடைப்பதில்லை. சூடு ஏற ஏறப் பிடிமானம் குறையும். ஹைட்ராலிக் பிரேக்கில் சூடு எண்ணெய் வரை போய்விட்டால் அதில் ஆவிக்குமிழ்கள் உண்டாகும். லீவர் ஹேண்டில்பார் வரை வந்து முட்டும், பிரேக் இருக்காது. உறுதியாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், விடுங்கள், காற்றில் ஆறட்டும், மறுபடி பிடியுங்கள். கருகிய வாடை வந்தாலோ லீவர் வழக்கத்தைவிட உள்ளே போனாலோ ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றக் கூடாது. சூடான டிஸ்க் கோணிக்கொள்ளும்.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது?

டிஸ்க் பிரேக் பிடிக்கவில்லை, கிறீச்சிடுகிறது என்று வரும் புகார்களில் நான் முதலில் சந்தேகப்படுவது செயினுக்குப் போடும் எண்ணெயைத்தான். ஸ்பிரே டப்பாவைச் செயினுக்கு நேராகப் பிடித்து அடிக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத தூவானம் ஸ்போக்குகளைத் தாண்டி மறுபக்கத்தில் இருக்கும் பின் டிஸ்க்கில் போய்ப் படிகிறது. ஃப்ரேமைப் பளபளப்பாக்கும் பாலிஷ் ஸ்பிரேயும் அப்படியே. பல்சக்கரத்தைக் கழுவும்போது தெறிக்கும் அழுக்குத் தண்ணீரும் கெடுக்கும்.

செயினுக்கு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக, கண்ணி கண்ணியாக விடுங்கள். அதற்கு முன் டிஸ்க்கையும் காலிப்பரையும் சுத்தமான பிளாஸ்டிக் பையால் மூடிவிடுங்கள். எண்ணெய் ஊறியதும் மிச்சத்தைத் துணியால் துடைத்துவிட்டால், ஓடும்போது சிதறாது. செயின் துடைத்த துணியால் டிஸ்க்கைத் துடைக்கக் கூடாது. டிஸ்க்குக்கென்று வேறு எதற்கும் தொடாத துணி ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கைச் சுத்தம் செய்ய ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். செறிவு 90 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். துணியில் நனைத்து, டிஸ்க்கின் இரு பக்கமும் அழுத்தித் துடையுங்கள். துணியில் கறுப்புப் படிந்ததும் புதிய பகுதிக்கு மாறுங்கள்; கடைசியில் துணி வெளுப்பாகவே இருக்க வேண்டும். பக்கத்தில் நெருப்போ சிகரெட்டோ இருக்கக் கூடாது. மண்ணெண்ணெய், டீசல், துரு நீக்கும் ஸ்பிரே ஆகியவை எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். சுத்தம் செய்வதாக நினைத்து பிரேக்கைக் கொல்லும் காரியம் அது.

டிஸ்க் எஃகு, துடைத்தால் போகும். பேட் அப்படியல்ல, எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். மேலாக விரல் பட்ட கறை என்றால் பேட்டைக் கழற்றி, தட்டையான பரப்பில் வைத்த உப்புத்தாளில் சிறிது தேய்த்து, துடைத்து மாட்டிப் பார்க்கலாம். அந்தத் தூசியை மூச்சில் இழுக்காமல் முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். எண்ணெய் ஊறிய பேட்டை அடுப்பில் வைத்துச் சுட்டுச் சரிசெய்யலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பேட்டின் பொருளை முதுகுத் தகட்டோடு ஒட்டியிருக்கும் பசை அதில் கெடக்கூடும். உயிரைத் தாங்கும் ஒரு பொருளில் அந்தச் சிக்கனம் வேண்டாம். புதுப் பேட் போடுங்கள். மாற்றியபின் டிஸ்க்கை நன்றாகத் துடைத்து, பழக்கும் வேலையை முதலிலிருந்து செய்யுங்கள்.

பேட் பார்ப்பதும் மாற்றுவதும்

மாதம் ஒருமுறை, மழையிலும் சேற்றிலும் ஓட்டுபவர்கள் வாரம் ஒருமுறை, பேட்டின் கனத்தைப் பாருங்கள். காலிப்பருக்குப் பின்னால் வெள்ளைத் தாள் ஒன்றைப் பிடித்து, டார்ச் அடித்து, டிஸ்க்கின் விளிம்பு வழியாக உள்ளே பார்த்தால் இரு முதுகுத் தகடுகளும் அவற்றுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே கறுத்த பொருளும் தெரியும். ஷிமானோ பேட்டுகளில் அந்தப் பொருளின் கனம் 0.5 மி.மீ. வந்தால் மாற்றச் சொல்கிறார்கள். ஸ்ராம் நிறுவனத்தின் அளவு வேறு: முதுகுத் தகட்டையும் சேர்த்து 3 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. என்னைக் கேட்டால், பொருள் 1 மி.மீ. ஆனதுமே புதுப் பேட்டை வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மழைக்காலப் பயணத்தில் மிச்சமுள்ளது முழுவதும் கரைந்துவிடலாம்.

டிஸ்க்கும் தேயும். புதிதில் பெரும்பாலும் 1.8 மி.மீ. இருக்கும், ஷிமானோவில் 1.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். குறைந்தபட்சக் கனத்தைப் பல டிஸ்க்குகளிலேயே பொறித்திருப்பார்கள்.

பேட்டில் ரெசின் வகை, மெட்டல் வகை என்று இரண்டு முக்கியமானவை. ரெசின் சத்தம் குறைவு, சீக்கிரம் தேயும். மெட்டல் அதிகச் சூட்டையும் சேற்றையும் தாங்கும், சத்தம் கூடுதல். சில டிஸ்க்குகளில் ரெசின் பேட் மட்டும் போடும்படி எழுதியிருக்கும். அதில் மெட்டல் பேட் போட்டால் டிஸ்க் வெகுசீக்கிரம் தேய்ந்துபோகும்.

மாற்றுவது கடினமல்ல. சக்கரத்தைக் கழற்றுங்கள். பழைய பேட்டை எடுக்கும் முன்பே, அவற்றின் நடுவே டயர் கழற்ற உதவும் பிளாஸ்டிக் நெம்புகோலை (டயர் லீவர்) நுழைத்து, பிஸ்டன்களை மெதுவாக உள்ளே தள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் பிஸ்டனை நேராக நெம்பினால், பீங்கான் பிஸ்டனாக இருந்தால் உடைந்தேவிடும். அடுத்து, பேட்டைத் தாங்கும் ஊசி அல்லது திருகின் முனையில் இருக்கும் சிறு கிளிப்பைக் கழற்றி, திருகை உருவி, பேட்டுகளையும் நடுவில் இருக்கும் ஸ்பிரிங்கையும் சேர்த்து வெளியே எடுங்கள். புதியவற்றை ஸ்பிரிங்கோடு சேர்த்துப் பிடித்து உள்ளே விடுங்கள். ஸ்பிரிங்கின் கால்கள் பேட்டின் உரசும் பரப்பின் மேல் வந்துவிடக் கூடாது. திருகு, கிளிப் இரண்டையும் மறக்காமல் போடுங்கள். சக்கரத்தை மாட்டி, லீவர் கெட்டியாகும் வரை பலமுறை பிடித்து விடுங்கள். இதைச் செய்யாமல் ஏறினால் முதல் முறை பிடிக்கும்போது பிரேக்கே இருக்காது.

உரசல் சத்தம்

சக்கரம் சுற்றும்போது ஓயாமல் உரசினால் காலிப்பர் நடுவில் இல்லை என்று பொருள். சுற்றுக்கு ஒருமுறை மட்டும் உரசினால் டிஸ்க் கோணியிருக்கிறது.

முதலாவதை நீங்களே சரிசெய்யலாம். சக்கரம் தன் இடத்தில் ஒழுங்காக அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் கோளாறு அங்கேதான் இருக்கும். பிறகு காலிப்பரை ஃபோர்க்கோடு அல்லது ஃப்ரேமோடு சேர்க்கும் இரண்டு போல்ட்டுகளை, காலிப்பர் பக்கவாட்டில் அசையும் அளவுக்கு மட்டும் ஆலன் கீயால் தளர்த்துங்கள். சக்கரத்தைச் சுழற்றி லீவரைப் பிடியுங்கள். காலிப்பர் தானாக நடுவுக்கு வரும். லீவரை விடாமல், இரண்டு போல்ட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். லீவரை விட்டுவிட்டுச் சுழற்றிப் பாருங்கள். இன்னும் உரசினால், வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, எந்தப் பக்கம் இடைவெளி இல்லையோ அந்தப் பக்கத்துக்கு இடம் கிடைக்குமாறு கையாலேயே காலிப்பரை இம்மி நகர்த்தி இறுக்க வேண்டும். கடைசி இறுக்கத்தை, இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் செய்வது நல்லது. பொதுவாக 6 முதல் 8 நியூட்டன் மீட்டர். உங்கள் பிரேக்குக்குரிய அளவு அதன் கையேட்டில் இருக்கும்.

கேபிள் வகையில் பெரும்பாலும் ஒரு பேட் மட்டுமே நகரும். மற்றது அசையாமல் நிற்கும். நகரும் பேட் டிஸ்க்கைச் சற்று வளைத்து மறுபக்கப் பேட்டோடு அழுத்துகிறது. ஆகவே அசையாத பேட் டிஸ்க்கை ஒட்டினாற்போல், உரசாமல் நிற்க வேண்டும். அதற்கான திருகு காலிப்பரின் உள்பக்கம், ஸ்போக்குகளின் பக்கம் இருக்கும். உரசும்வரை உள்ளே திருகி, உரசல் நிற்கும்வரை சற்றே பின்னால் திருப்புங்கள். பேட் தேயும்போது பலரும் கேபிளை மட்டுமே இழுத்துக் கட்டுகிறார்கள். அப்படிச் செய்தால் காலிப்பரின் கை ஏற்கெனவே பாதி தூரம் நகர்ந்த நிலையில் நிற்கும், இழுவிசை குறையும், ஒரு கட்டத்தில் கை முட்டி நின்றுவிடும். முதலில் பேட்டின் திருகு, அப்புறம்தான் கேபிள். கம்பியில் ஓர் இழை அறுந்திருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கோணிய டிஸ்க்கை நிமிர்த்த அதற்கென்று பிளவுள்ள கருவி உண்டு. பழக்கமில்லாதவர்கள் முதல் முறை மெக்கானிக்கிடம் கொடுத்து, அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

ஹைட்ராலிக் எண்ணெய்

லீவர் பஞ்சுபோல அமுங்கினாலோ, இரண்டு மூன்று முறை அடித்தால்தான் கெட்டியானாலோ உள்ளே காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றும் வேலைதான் ப்ளீடிங். சைக்கிளைத் தலைகீழாக வைத்து எடுத்த பிறகும் இப்படித் தோன்றலாம். நேராக நிறுத்திச் சிறிது நேரம் விட்டு, லீவரைப் பலமுறை பிடித்துப் பாருங்கள். கெட்டியாகாவிட்டால் ஓட்டாதீர்கள்.

எண்ணெயில் இரண்டு குலங்கள் இருக்கின்றன: மினரல் ஆயில், டாட் (DOT) எனப்படும் பிரேக் திரவம். ஷிமானோவும் மகுராவும் மினரல் ஆயில். ஹேய்ஸ், ஹோப் போன்றவை பெரும்பாலும் டாட். ஸ்ராமில் இரண்டும் உண்டு. எது வேண்டும் என்பது லீவரின் எண்ணெய்த் தொட்டி மூடியிலேயே எழுதியிருக்கும். ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் வளையங்கள் ஊதிக் கெட்டு, பிரேக் எந்நேரமும் கைவிடும். டாட் 5.1-உம் டாட் 5-உம் பெயரில்தான் நெருக்கம். டாட் 5 சிலிக்கானால் ஆனது. டாட் 4 அல்லது 5.1 கேட்கும் பிரேக்கில் அதை ஊற்றக் கூடாது. டாட் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4-இன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 155 டிகிரிதான். திறந்து பல மாதமான புட்டியைப் பயன்படுத்தாமல், ஆண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுவே. அது பெயிண்ட்டையும் அரிக்கும். சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ப்ளீடிங்கைப் புதியவர்கள் தனியாகத் தொடங்க வேண்டாம் என்பது என் கருத்து. ஊசிக்குழல், இணைப்புக் குழாய், உங்கள் மாடலுக்குரிய வழிமுறை ஆகியவை எல்லாம் சேர்ந்து இருந்தாலும், சிந்தும் ஒரு சொட்டு பேட்டில் பட்டால் அந்தப் பேட் போயிற்று. மெக்கானிக்கிடம் செய்யச் சொல்லும்போதும், பேட்டைக் கழற்றிவிட்டு, காலிப்பருக்குள் பிஸ்டன்களைப் பின்னால் நிறுத்திவைக்கும் ப்ளீட் தகட்டைச் செருகித்தான் செய்கிறாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திரும்ப வாங்கியவுடன், லீவரை முப்பது நொடி இறுக்கிப் பிடித்தபடியே காலிப்பரையும் குழாய் இணையும் இடங்களையும் காகிதத்தால் ஒற்றிப் பாருங்கள். காகிதத்தில் ஈரம் தெரிந்தால் சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.